கேட்காமல் வந்த தைலம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று நாலில், நான் கேட்காமலே ஒரு டஜன் முடி வளரும் தைலத்தை ஒரு கம்பெனி வீட்டுக்குப் பார்சல் அனுப்பியது. என் வழுக்கையை யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? ‘பார்சல் கிடைத்ததுங்க, ரொம்ப நன்றிங்க’ என்று கார்டு போட்டேன். இனாம் என்று நினைத்து ஒரு பாட்டிலையும் தேய்த்துத் தீர்த்தேன்.

பில் வந்தது. பின்னாலேயே மிரட்டல் கடிதம்: கட்டாவிட்டால் இன்ன தேதிக்கு ஆள் வந்து வீட்டுச் சாமானை எடுத்துப்போவாராம். எடுத்துப்போகிற மாதிரி எங்களிடம் இருந்தது மனைவியின் தையல் மிஷின் ஒன்றுதான். மாசக் கடைசியில் அதுதான் எங்களுக்குச் சோறு.

கோட்டைமேட்டில் பூட்டு ரிப்பேர் செய்த பூட்டு பாயிடம் ஓடினேன். ‘ங்க’ போட்டே ஆளைக் கொல்லக்கூடியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பஸ்ஸில் கேட்காமல் மடியில் போட்ட கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு, “போட்டது நீங்க, தின்னது நானு. காசு எதுக்குங்க?” என்று விற்றவனையே அழவைத்தவர்.

கடிதத்தைப் படித்த பாய்க்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. “அக்கிரமமுங்க!” கம்பெனி ஆள் வருகிற அன்று கடையை அடைத்துவிட்டு வந்தார். மிஷினைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டி, தேங்காய் அளவுப் பூட்டு ஒன்றைப் போட்டார்.

ஆள் படியேறியதும் பாய்தான் ஆரம்பித்தார். “ஏனுங்க, இவரு கேட்டாருங்களா?”

வந்தவன் என் கார்டை நீட்டினான். “நன்றின்னு எழுதியிருக்காரே!”

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவனிடம், “ஊட்டுக்கு வந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்தா, ஊட்டையே எழுதிக் குடுத்ததா அர்த்தமுங்களா?”

“ஒரு பாட்டில் காலியா இருக்கே?”

பாய் என் தலையைப் பிடித்து அவன் பக்கம் திருப்பினார். “நல்லாப் பாருங்க. இதுல தைலம் பட்ட மாதிரி தெரியுதுங்களா? மிச்சத்தை எடுத்துட்டுப் போங்க. மிஷின் மேல கை பட்டுச்சு, கன்ஸ்யூமர் கோர்ட்டுல நிக்க வெச்சுப்போடுவேனுங்க!”

பதினோரு பாட்டிலோடு அவன் படியிறங்கினான். “காபி குடிச்சுட்டுப் போங்க” என்றேன். பாய் என் வாயைப் பொத்தினார்.

மறுநாள் அரைக் கிலோ மைசூர்பாவோடு பாய் கடைக்குப் போனேன். எனக்காக ஒரு நாள் யாவாரத்தை விட்டவர். பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டு, அடுத்ததையும் கையில் எடுத்தார்.

“ரொம்ப நன்றிங்க பாய். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. பிடிச்சிருக்குங்களா?”

“நான் கேட்டேனுங்களா?”