எங்களுக்குத் தெரியும்

"இன்னும் கொஞ்சம் நல்லா சொறி," என்றார் முதலாளி.

அவன் சொறிந்தான். போனைப் பிடித்திருந்த வரவேற்புப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு படம் எடுத்தாள்.

நிறுவனத்தின் தொழில் மூட்டைப்பூச்சி ஒழிப்பு. அவன் அங்கே இணைய விளம்பரத்துக்குப் பொறுப்பு. தேடுபவர்களுக்கு நிறுவனத்தின் பெயரை முதலில் காட்ட வேண்டும். சமூக ஊடகப் பக்கத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். முதல் வேலை நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை.

மூட்டைப்பூச்சி உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தேடுவார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஒழிப்பது எப்படி என்று தேடுவார்கள். மருந்தடிக்க வரும் வண்டியில் பெயர் எழுதியிருக்கக் கூடாது என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் ஊரறிய வந்து லைக் போட மாட்டார்கள். பக்கத்துக்கு இதுவரை விழுந்த லைக் மூன்று. ஒன்று முதலாளியுடையது, ஒன்று அவனுடையது, மூன்றாவது எந்த நாட்டிலோ மூக்குக்கண்ணாடி விற்பவருடையது.

"நம்ம பக்கத்துல மனுஷ முகமே இல்லப்பா," என்று முதலாளி அன்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தார். "எங்க பாத்தாலும் பூச்சி படம். அவதிப்பட்ட ஆளு ஒருத்தன் வந்து பேசணும்."

"வாடிக்கையாளர் யாரும் ஒத்துக்க மாட்டாங்க சார்."

"மருந்தடிக்கிறவங்களைக் கேளு."

"கேட்டேன் சார். எங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்குன்னுட்டாங்க."

முதலாளி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். வெகுநாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"நீயே போதும். மேக்கப்கூட வேணாம்."

அவன் மறுக்கவில்லை. மறுத்தால் வேலை போகும். வேலையில் இல்லாதவனுக்கு யாரும் வீடு வாடகைக்குத் தர மாட்டார்கள். அவனுக்கு இப்போது வீடு வேண்டும்.

கல்யாணமானதிலிருந்து அவனும் மனைவியும் அவளுடைய அண்ணன் வீட்டு ஹாலில்தான் இருந்தார்கள். மச்சான் டிவியை அணைத்த பிறகுதான் மெத்தையை விரிக்க முடியும். மச்சான் எழுவதற்குள் சுருட்ட வேண்டும். கணவனும் மனைவியும் ஏதாவது பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். அங்கே துணி காய வைக்க யாராவது வந்துவிடுவார்கள்.

போன வாரம்தான் ஒரு வீடு அமைந்தது. இரண்டாவது மாடி, இரண்டு அறை, தாழ்ப்பாள் சரியாக விழும் கதவு. வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் கீழே இருந்தார். என்ன வேலை என்று கேட்டார். "விளம்பரத் துறை" என்று மட்டும் சொன்னான். வரும் வாரம் சாவி தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து மனைவி ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள்.

விளம்பரம் வெளியானது. கழுத்தைச் சொறிந்தபடி அவன். கீழே பெரிய எழுத்தில்: 'என் வீட்டிலும் இருந்தது. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.'

மாலையில் அவன் மச்சான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாலில் சோபா இல்லை. வாசலில் வெயிலில் கிடந்தது.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். கையில் போன் இருந்தது. "என் வீட்டிலும் இருந்ததுன்னு போட்டிருக்கீங்களே. உங்களுக்கு ஏது வீடு?"

"அது சும்மா விளம்பரத்துக்கு மச்சான்."

"நீங்க தூங்கறது என் வீட்ல. அப்போ இருந்தது என் வீட்லன்னுதானே அர்த்தம்? என் மேனேஜர் கேக்கறார். அவர் பொண்டாட்டி கேக்குது."

உள்ளேயிருந்து மச்சானின் மனைவி வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. "அண்ணா, உங்களை நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஆனா காலையிலேருந்து நான் சொறிஞ்சிட்டே இருக்கேன். இல்லாத பூச்சி கடிக்குது எனக்கு."

"அதான் இல்லையேம்மா."

"இல்லாததுக்கே இப்படின்னா இருந்தா எப்படி இருக்கும்?"

இந்த மாதக் கடைசிக்குள் இடம் பார்த்துக்கொள்ளும்படி மச்சான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அவன் முதலாளியிடம் போய் நின்றான். "சார், அந்தப் படத்தை எடுத்துடலாம்."

"எடுக்கறதா? நேத்து ஒரே நாள்ல எவ்வளவு பேரு நம்ம தளத்துக்கு வந்திருக்காங்க தெரியுமா? உன் மூஞ்சில ஒரு சோகம் இருக்குப்பா. காசு கொடுத்தாலும் கிடைக்காது."

"அப்போ வாசகத்தையாவது மாத்தலாம் சார். என் வீடுன்னு வர வேணாம். பாதிக்கப்பட்டவனா இல்லாம, நிபுணர் மாதிரி வச்சுக்கலாம்."

முதலாளி யோசித்தார். நிபுணர் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. இந்த முறை சொறியச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல், நேராகப் பார்க்கச் சொன்னார். வாசகத்தை அவனே எழுதினான். மக்களின் வெட்கத்தைப் புரிந்துகொண்ட வாசகம் என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

'வெளியே சொல்ல முடியவில்லையா? எங்களுக்குத் தெரியும்.'

அன்று மாலை அவனும் மனைவியும் முன்பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனார்கள். அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. முன்பணத்தைத் தொடவில்லை.

"கொஞ்சம் வெள்ளையடிக்க வேண்டியிருக்கு தம்பி. அடுத்த வாரம் பாக்கலாமே."

"வெள்ளை நல்லாத்தானே சார் இருந்தது?"

"இல்ல தம்பி, உள்ள... சில வேலை இருக்கு." அவன் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

தெருவுக்கு வந்ததும் அவன் மனைவியைக் கேட்டான். "இவருக்கு என்ன ஆச்சு? போன வாரம் நல்லாத்தானே பேசினார்?"

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "முந்தாநாள் போன் பண்ணினார். உங்க ஆபீஸ் பேரு கேட்டார். சொன்னேன்."

"சொல்லிட்டியா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா? பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் அந்தப் பெயரைத் தேடியிருப்பார். தளத்துக்குள் போயிருப்பார். மூட்டைப்பூச்சியோடு நாள் முழுக்கப் புழங்குகிற ஒருவனை, உடம்பிலோ பையிலோ நாலைந்தைக் கொண்டுவரக்கூடிய ஒருவனை, எந்த வீட்டுக்காரர் குடிவைப்பார்?

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. தளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களை விளம்பரம் விடாது. செய்தி படித்தால் அங்கே வரும். கிரிக்கெட் பார்த்தால் அங்கே வரும். அந்த ஏற்பாட்டைச் செய்ததே அவன்தான். 'வட்டிக்காரன் மாதிரிப் பின்னாலேயே போகுதே' என்று முதலாளி அன்றைக்குத் தோளில் தட்டியிருந்தார்.

வீட்டுக்காரரின் கண்ணில் தன் முகம் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து, அந்தப் பகுதி முழுவதையும் விளம்பரத்திலிருந்து நீக்கினான். பொத்தானை அழுத்தியபோது பல நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

பகுதியை நீக்கினால் அங்குள்ள புதியவர்களுக்கு மட்டும்தான் விளம்பரம் போகாது. ஏற்கெனவே தளத்துக்கு வந்து போனவர்களை அந்த நீக்கம் தடுக்காது. புதியவர்களுக்குச் செலவாகாமல் மிஞ்சிய விளம்பரப் பணத்தையெல்லாம் எந்திரம் பழையவர்கள் தலையில் கொட்டியது. ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்த விளம்பரம் திரும்பிய பக்கமெல்லாம் வரத் தொடங்கியது.

இது அவனுக்குத் தெரிந்தது அடுத்த வாரம், வீட்டுக்காரரின் வாசலில். அவன் மணியை அடித்தபோது அவர் போனைப் பார்த்தபடியே கதவைத் திறந்தார். திரையில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாசலிலும் அவன் தற்செயலாகக் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். அவர் போனைக் கீழே போட்டார்.

"இன்னும் வேலை முடியல தம்பி," என்றார் குனியாமல். போன் தரையில் கிடந்தது. அவன் முகம் மேலே பார்த்தபடி இருந்தது.

"சார், நான் எதுக்கு வந்தேன்னா..."

"எனக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

அவன் ஓடிவந்து கணினியைத் திறந்தான். அதற்குள் முதலாளி முந்திக்கொண்டிருந்தார். பழைய ஆட்கள் மறுபடி மறுபடி வந்து பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"நீ எழுதினதுல சூடு பத்தாதுப்பா. நானே ஒரு வரி சேத்துட்டேன்."

அவன் படித்தான். கட்டிய கை, சிரிக்காத முகம், அதன் கீழே: 'இன்னும் எத்தனை நாள் மறைப்பீர்கள்? நாள் கடத்தாதீர்கள். எங்களுக்குத் தெரியும்.'

"சார், இது வேணாம் சார். என் வீட்டு விஷயம் கெட்டுடும்."

"வீட்டை விடுப்பா. லைக்கு நாலாயிடுச்சு பாத்தியா?"

நாலாவது லைக் மச்சானுடையது. கை தவறிப் பட்டிருக்க வேண்டும்.

மாதக் கடைசி வந்தது. மச்சான் வீட்டில் அவர்களுடைய மெத்தையைத் தனியாக, யாருடைய துணியும் படாத மூலையில் வைத்திருந்தார்கள். தட்டும் டம்ளரும்கூடத் தனியாகிவிட்டன. திரை தைத்து முடிந்துவிட்டது. மனைவி அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஜன்னலின் அளவு எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

"போய் உண்மையைச் சொல்லிடலாங்க," என்றாள். "மறைச்சுதான் இவ்வளவும்."

வீட்டுக்காரர் இந்த முறை உட்காரச் சொன்னார். இளைத்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவருடைய மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

அவன் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னான்.

"சார், வெளிப்படையாவே பேசிடறேன். அந்த விளம்பரத்துல இருக்கறது நான்தான்."

"தெரியும் தம்பி."

"உங்களுக்கு என்ன பயம்னு எனக்குப் புரியுது. ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிக்கறீங்க. நியாயம்தான். என்னால யார்கிட்டயும் ஒரு வார்த்தை வெளிய போகாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்களுக்கு வேற எதுவும் வேணாம் சார். வீடு மட்டும் போதும். வீடு கிடைச்சுட்டா, இன்னிக்கே அந்த விளம்பரம் உங்க போனுக்கு வராம நிறுத்திடறேன். அது என் கையிலதான் இருக்கு."

மனைவி பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டாள். "எங்களுக்கும் வேற வழியில்லீங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"சார், முன்பணம்?"

"வேணாம் தம்பி."

"அப்படியெல்லாம் வேணாம் சார், வாங்கிக்கங்க."

"வேணாம்னா வேணாம். வாடகையும் உங்க இஷ்டத்துக்குக் கொடுங்க. ஒரு கட்டில் இருக்கு, நல்ல தேக்கு, அதையும் நீங்களே வச்சுக்கங்க." கைகூப்பினார். "விளம்பரம் மட்டும்..."

"இப்பவே சார்." அவர் போனையே வாங்கி, அவர் எதிரிலேயே, இனி அதில் அந்த விளம்பரம் வராதபடி செய்தான். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மாடிப்படியில் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வெளியிடத்தில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் முறை. "எவ்வளவு நல்ல மனுஷன்," என்றாள். "உண்மையைச் சொன்னதும் எப்படி இளகிட்டார் பாருங்க."

கதவு திறந்தது. தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். அவள் திரையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, தேக்குக் கட்டிலில் கிடந்த பழைய மெத்தையில் காலை நீட்டிப் படுத்தாள். அவன் ஓரமாக உட்கார்ந்தான். யாரும் வரவில்லை. யாரும் சுருட்டச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவனும் படுத்தான்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"ம்ம்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து திறந்தான். வீட்டுக்காரரின் மகள். மூச்சு வாங்க நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்காமல், கட்டிலைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அண்ணா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, எனக்குக் கேக்காம இருக்க முடியல," என்றாள் தணிந்த குரலில். "இந்த வீட்ல மூட்டைப்பூச்சி இருக்கறது எங்களைத் தவிர ஒரு ஆளுக்குத் தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"