தறி, மூன்று

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு, உங்கள் நல்ல காலுக்கும் நோகும் காலுக்கும் சம மரியாதை செலுத்தி அண்ணன் மகன் எழுதிக்கொள்வது. நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். என் நலம் எப்படி என்பது இன்னும் நான்கு வரியில் தெரிந்துவிடும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் "தறி என்னடா ஆச்சு?" என்பீர்கள், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. கடிதத்தில் அந்த வசதி உண்டு. நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயத்தை உடைத்தே சொல்கிறேன், அதுவும் உடைந்துதான் கிடக்கிறது. உங்கள் தறி இல்லை. நேற்று சாயங்காலம் ஆறு மணி வரை இருந்தது. இன்று காலை மூன்று துண்டாகிவிட்டது. ஆகவே திங்கட்கிழமை மேஸ்திரி நீட்டும் துடைப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடம் அந்த ஷெட்டில் மிதிபலகையை மிதித்து மிதித்து உங்கள் இடது முழங்கால் போனது. முழங்காலை மடக்காதே என்றார் டாக்டர். மடக்க முடியாதவள் தறியில் உட்காராதே என்றார் மேஸ்திரி. "சொந்தத் தறி இருந்தா வீட்டுக்கே நூல் அனுப்புறேன், இல்லேன்னா வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து ஷெட்டைப் பெருக்க வாம்மா" என்று அவர் சொன்னதை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலே வேண்டாத தறி ஒன்று நான் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். வாயை விட அரை நிமிடம் போதும். மிதிபலகை இருந்த இடத்தில் ஒரு கைப்பிடியை வைத்து, அதை இழுத்தால் விழுதுகள் பாவு நூலை மேலே தூக்கிப் பிரிக்க வேண்டும் என்றால் ஐந்து மாதம் ஆகிறது.

எங்கள் பட்டறை யாருக்காகக் கைத்தறி வடிவமைக்கிறது என்று உங்களிடம் இதுவரை மழுப்பியே வந்திருக்கிறேன். நெய்கிறவர்களுக்காக இல்லை. மடியில் வைத்துக்கொள்ளும் தறி, மேசையில் வைக்கும் தறி, வண்ண நூல் நாலு கண்டு, ஒரு மர ஊசி, எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு 'நெய்யுங்கள், மனம் லேசாகும்' என்று அச்சடித்து விற்கிறோம். இருபத்தாறு வருடம் நெய்த உங்கள் மனம் இந்நேரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்திருக்க வேண்டும். எங்கள் நிர்வாகிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அமைதி'. சம்பளம் கேட்டாலும் லீவு கேட்டாலும் கண்ணை மூடி மூச்சை இழுத்து "அமைதி, அமைதி" என்பார். திறக்கும்போது பேச்சு மாறியிருக்கும். மிச்ச மரத்தில், சாப்பாட்டு நேரத்தில் நான் உங்கள் தறியைச் செய்துகொள்ள அவர் அனுமதித்தார். பெருந்தன்மை என்று நினைத்தேன். பட்டறைக்குள் செய்தது பட்டறைக்கே சொந்தம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டது எனக்கு மறந்துவிட்டது, அவருக்கு மறக்கவில்லை.

முதல் தறியில் ஸ்பிரிங் தெறித்து, கைப்பிடி பறந்து, அமைதியின் முகவாயில் போய் விழுந்தது. அவர் கோபப்படவே இல்லை. கோபப்படாமலிருந்த கோபத்தைப் பத்து நாள் என் மேல் காட்டினார். இரண்டாவது தறிக்கு உங்கள் கை நீளம், முழங்கை, உட்காரும் உயரம் என்று முப்பத்தேழு அளவு வாங்கினேன். "அளந்தது போதும்டா, நான் என்ன சவப்பெட்டியா கேட்டேன்?" என்றீர்கள். எல்லாம் சரி, உங்கள் வீட்டு டேப்பில் முதல் இரண்டு அங்குலம் கிழிந்து போயிருப்பதை மட்டும் நீங்களும் சொல்லவில்லை, அளந்த மாமாவும் சொல்லவில்லை. எங்கே பிடித்தாலும் இரண்டு அங்குலம் கூடிய ஒரு அத்தைக்காக ஒரு தறி தயாரானது. அப்படி ஒரு அத்தை எனக்கு இல்லை. பிரித்தேன். மூன்றாவது நேற்று முடிந்தது. பெட்டி கட்டும் பிரிவில் இருக்கும் அக்காவை உட்கார வைத்து, காலைத் தூக்கி ஸ்டூலில் போடச் சொல்லி, நெய்யச் சொன்னேன். நாடாவை எறிய ஒரு கை, கைப்பிடியை இழுக்க ஒரு கை. முக்கால் முழம் நெய்துவிட்டு, "எங்கடா இருந்துச்சு இது இத்தனை நாளா? என் இடுப்பு போறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கக் கூடாதா?" என்று என்னையே திட்டினாள். அதைவிட நல்ல பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா அமைதி வர வேண்டும்? தறியைச் சுற்றி வந்தார். தலையைச் சாய்த்தார். "உள்ள ஒரு விளக்கு வெச்சா எப்படி இருக்கும்?" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒரு பெரிய ஹோட்டல்காரர்கள் வரவேற்புக் கூடத்தில் வைக்கக் கைவேலை மாதிரி ஏதோ கேட்கிறார்களாம். "சார், இது நெய்யறதுக்கு" என்றேன். "யாரு இல்லேன்னா? பார்க்கறவங்க மனசுல நெய்யட்டும்" என்றார். எங்கள் அத்தைக்குத் திங்கட்கிழமை கெடு சார் என்றேன். கண்ணை மூடினார். திறந்தபோது, "நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரும், நல்லா துடைச்சு வை" என்றார். மூட்டுத் தேய்ந்த ஒரு பெண்ணுக்காகச் செய்த தறிக்குள் பல்பு எரியும், பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். துடைத்தேன் அத்தை. வேறென்ன செய்ய? துடைத்து, கணக்குக்காக ஒரு சீட்டில் 'தறி, 3' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

இங்கே எங்கள் தச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் 'ரம்பம்' என்போம். கையில் இருப்பதை வைத்தா, வாயிலிருந்து வருவதை வைத்தா என்று யாருக்கும் நிச்சயமில்லை. தறி எந்த வீட்டுக்குப் போகிறது என்று விசாரித்ததிலிருந்து மூன்று வாரமாக என் மேசைக்கு வந்து, "தம்பி, மாடிப்படி திருப்பம் பார்த்தியா?" என்று ஆரம்பித்து, யாரோ ஒரு வீட்டுக்குக் கட்டில் ஏற்றப் போய் அது படியில் சிக்கி, மேலே இருந்த வீட்டுக்காரர் நாலு மணி நேரம் இறங்க முடியாமல் கட்டிலுக்கு மேலிருந்து காபி கேட்ட கதையைச் சொல்வார். இருபது தடவையாவது கேட்டிருப்பேன். "அண்ணே, இது தறி, கட்டில் இல்ல, ஆளை விடுங்க" என்று துரத்துவேன். அந்த மகானுபாவர்தான் இன்று காலை எனக்கு முன்னால் வந்து, உருளைகளைக் கழற்றி, விழுதுகளைச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு (மடையனுக்கு அந்த ஒழுங்கு மட்டும் இருக்கிறது), சட்டத்தை மூன்றாக அறுத்துப் போட்டிருக்கிறார். அதையாவது நேராக அறுத்தாரா? கோணல்மாணலாக, எலி கடித்த மாதிரி.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க!"

"சீட்டுல இருந்துச்சேப்பா. தறி, மூணு. தறிச்சிட்டேன். மூணா."

"தறின்னா தறி அண்ணே! நெய்யற தறி!"

"எங்க வீட்டுல தறின்னா வெட்டுன்னு அர்த்தம். மரத்தைத் தறி, கொம்பைத் தறி. படிச்ச புள்ள நீ, விளக்கமா எழுதப்படாதா?"

அமைதி வந்தார். கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை. பிறகு, "எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனை எல்லாம்..." என்று தொடங்கி முடிக்காமல், துண்டுகளைக் கழிவு மரத்தோடு போடச் சொல்லிவிட்டு, வந்த வண்டியில் ஒரு மடித்தறியை விளக்கோடு ஏற்றி அனுப்பினார். ஹோட்டல்காரர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். தச்சரைத் திட்டுவதா, எழுதிய என் கையை வெட்டிக்கொள்வதா, ஒரு மனிதனைப் படிக்க வைக்காமல் கையில் ரம்பத்தை மட்டும் கொடுத்த ஊரைத் திட்டுவதா என்று தெரியாமல் மரத்தூளில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது தறி செய்ய மரமும் இல்லை, நாளும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளை கொடுப்பேன். என்னை நம்பி நீங்கள் வீட்டு ஜன்னலோரத்தைக் காலி செய்து வைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். அங்கே பீரோவையே திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் இருமலுக்கு என் விசாரிப்பு. அந்த டேப்பைத் தூக்கிப் போடச் சொல்லவும். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன், வலது காலை மட்டும்.

இப்படிக்கு,
உதவாக்கரை அண்ணன் மகன்

பின்குறிப்பு: துடைப்பத்தை வாங்காதீர்கள். ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன், வேறு தாள் கைவசம் இல்லை. சாயங்காலம் ரம்பம் என்னைக் கழிவு மரக் குவியலுக்குக் கூட்டிப் போனார். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று வைத்தார். கோணல்மாணல் என்று எழுதினேனே, அது படி வெட்டு. ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்கிறது. ஆப்பு அடித்துக் காட்டினார். ஏறி நின்று குதித்தேன், அசையவில்லை. துண்டு ஒவ்வொன்றும் இரண்டடி நாலு அங்குலம். உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அதற்கு மேல் அகலமாக எதுவும் திரும்பாதாம். அந்தக் கட்டில் அதே மாடியில் உங்கள் எதிர்வீட்டுக்காரருடையது அத்தை. முப்பத்தேழு அளவு எடுத்த நான் உங்கள் படியை அளக்கவில்லை. தறி முழுதாக வந்திருந்தால் தெருவிலேயே நின்றிருக்கும். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன். "இருபது தடவ சொன்னேன், நீ காதுல வாங்குனாத்தானே" என்றார். "அப்போ அந்தச் சீட்டு?" என்றேன். "தறின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எங்கம்மா நெசவு, தம்பி" என்றார். கேட்டில் காட்டும் சீட்டில் 'உடைந்த மரம், மூன்று' என்று அமைதியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை துண்டுகளோடும், ஓரமாக வைத்த உருளை, விழுதுகளோடும் ரம்பம் உங்கள் வீட்டுக்கு வருகிறார், உள்ளே விடுங்கள். பீரோவை நகர்த்த வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டக் கொஞ்சம் பசை கேட்டேன். "எதுக்குப்பா பசை? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று சிரிக்கிறார்.