ஆளுக்கொரு பதில்

என் மனைவியின் தம்பியும், நல்ல வார்த்தை சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மாட்டிவிட்டவருமான மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குறைந்தபட்சம் இந்தக் கடிதத்தைப் படிக்கத் தொடங்கும்வரை நலமாகத்தான் இருந்திருப்பீர்கள்.

"ரத்த அழுத்தம் பார்த்துட்டு அரை மணியில வந்துடலாம் அத்தான்" என்று சொல்லித்தான் போன திங்கட்கிழமை என்னைக் கிளப்பினீர்கள். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கண், காது, எலும்பு என்று ஒவ்வொரு கட்டடமாகத் தாண்டிக் கடைசிக் கட்டடத்துக்குள் நுழையும்போதே எனக்குப் பொறி தட்டியது. ரத்த அழுத்தம் பார்க்கிற இடத்தில் சுவரில் 'மனம்விட்டுப் பேசுங்கள்' என்று எதற்காக எழுதி வைத்திருக்கிறார்கள்? கேட்டதற்கு, "சும்மா அழகுக்கு எழுதியிருப்பாங்க" என்றீர்கள். முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு நிற்பவனுக்கு வயிறு சரியில்லையா, டிக்கெட் இல்லையா என்று அவன் இருமுவதை வைத்தே சொல்லிவிடுவேன். என்னிடமா உங்கள் கதை? ஆனாலும் வாயைத் திறக்காமல் வந்தேன். எவ்வளவு தூரம்தான் போகிறார்கள் பார்ப்போமே என்றுதான்.

எதற்காக இந்த ஏற்பாடு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் பக்க நியாயத்தையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன். உங்கள் அக்கா போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து என் வீட்டில் பொருள்கள் இடம் மாறுகின்றன. சீப்பு குளியலறையில் கிடக்கிறது, நகவெட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது, மாத்திரை மூன்று நாள் காணாமல் போய்த் தலையணை உறைக்குள்ளிருந்து வருகிறது. தானாக நடந்தா போகும்? அலமாரிக் கதவில் ஒரு நூலை ஒட்டிவைத்தேன். காலையில் பார்த்தால் அறுந்து கிடந்தது. "நீங்க திறந்ததாலதான்ப்பா அறுந்திருக்கும்" என்கிறாள் மகள். ஒரு தடவை அப்படி இருக்கலாம். மூன்று தடவையுமா? வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற ஒரே ஆண்பிள்ளை என் மருமகன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது வாசலில் நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. அதோடு விட்டிருக்கலாம். ஆறு வயதுப் பேத்தி, "தாத்தா, என் பையும் பாருங்க" என்று தன்னுடைய பையையும் திறந்து நீட்டினாள். மகள் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது. "டாக்டரைப் பாத்து நீங்க சரியாகுற வரைக்கும் நாங்க வரமாட்டோம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. அவ்வளவு நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நீங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வண்டி ஏறிவிட்டீர்கள். நான் வாரம் முழுக்கப் போய்வந்தேன். முதல் நாள் என்னை விசாரித்தது மேற்படிப்புப் படிக்கிற ஒரு டாக்டர் பொண்ணு. படிப்பு இன்னும் முடியவில்லையாம், என்மேல்தான் படிக்கப்போகிறதாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது. கழித்துக்கொண்டே போய் இரண்டில் நிறுத்தி, "சரியா?" என்றேன். கையிலிருந்த தாளைப் பார்த்துத்தான் "சரி சார்" என்றது! பிறகு, "குடை, மாடிப்படி, ஆரஞ்சு. இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேக்கிறேன்" என்றது. கேட்கவே இல்லை. அதுவே மறந்துவிட்டது. நான்தான் இன்றுவரை குடையையும் மாடிப்படியையும் ஆரஞ்சையும் தூக்கிச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

செவ்வாய்க்கிழமை உளவியல் நிபுணர் ஒருவர். நான் எதைச் சொன்னாலும் "ம்ம்" என்பார். அந்த ஆளுக்கு 'ம்ம்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டேன். மசி கொட்டிய ஒரு தாளைக் காட்டி, "இதப் பாத்தா என்ன தோணுது?" என்றார். "மசி காயுறதுக்கு முன்னாடி யாரோ தாளை மடிச்சிருக்காங்க" என்றேன். "ம்ம்" என்று அரைப் பக்கம் எழுதினார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. ஒரு ஆண்பிள்ளை அறையில் இவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு? நேரே போய்த் தட்டி, "உள்ள இருக்கிறவங்க வெளிய வாங்கய்யா" என்றேன். பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, அதுவரை கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு மாணவர்கள் வரிசையாக வந்தார்கள், மைத்துனரே, ஆறு பேர்! "உங்ககிட்ட சம்மதம் வாங்கியிருக்கோமே சார்" என்று ம்ம்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். படிக்காமல் நான் போட்ட கையெழுத்து. கீழே சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்குப் பிறகும் என்னைச் சந்தேகப்பிராணி என்று சொல்வார்களா?

புதன்கிழமை, இவர்களுக்கெல்லாம் மேலே உள்ள ஓர் உதவிப் பேராசிரியர். கேள்விக்குக் கேள்வி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்; இவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தேன். இதில் என்ன விசேஷமென்றால், மூன்று பேரும் கேட்டது அதே கேள்விகள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, காதில் குரல் ஏதாவது கேட்கிறதா. ஒரே கேள்வியை மூன்று பேர் எதற்காகக் கேட்பார்கள்? பதில்களை ஒப்பிட்டுப் பார்த்து என்னைப் பிடிக்கத்தான். நான் எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன்! இதை இரண்டாம் நாளே ஊகித்துவிட்டதால், யாரிடமிருந்து யாருக்குத் தகவல் போகிறது என்று கண்டுபிடிக்க, ஆளுக்கொரு பதில் சொல்லிவைத்தேன். தூக்கமா? பொண்ணிடம், படுத்தால் அடித்துப்போட்டது மாதிரி தூங்குகிறேன் என்றேன். ம்ம்காரரிடம், பகலில் மட்டும் தூங்குவதாகச் சொன்னேன். கடிகாரத்திடம், மூன்று மாதமாகக் கண்ணே மூடவில்லை என்றேன். குரலா? பொண்ணிடம் இல்லை என்றேன். ம்ம்காரரிடம், "கேக்குதே, உங்க குரல்" என்றேன். கடிகாரத்திடம், வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வரும் என்று ஒரு பெண் அறிவித்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னேன். அதில் முழுப் பொய்யும் இல்லை.

வெள்ளிக்கிழமை அம்பலமாகிவிட்டது. படிப்படியாக இருக்கை போட்ட ஒரு பெரிய அறையில் நாற்பது மாணவர்கள். நடுவில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் பேராசிரியர் அம்மா. பொண்ணு எழுந்து என் கதையை வாசித்தது. "இவருக்குத் தூக்கம் நல்லா இருக்கு மேடம்" என்றதும், கடிகாரம் எழுந்து, "என்னம்மா சொல்ற? மூணு மாசமாத் தூங்கலைன்னாரே" என்றார். ம்ம்காரர் 'ம்ம்'மை விட்டுவிட்டு முழு வாக்கியமே பேசினார்: "என்கிட்ட பகல்ல தூங்குறதாச் சொன்னாரு." ஒருவர் மனச்சோர்வு என்றார், ஒருவர் மறதி நோயின் ஆரம்பம் என்றார், ஒருவர் அதற்கும் மேலே போனார். ரயிலில் ஒரே சீட்டுக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வது மாதிரிதான் இருந்தது. பேராசிரியர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் சார் ஆளுக்கொண்ணாச் சொன்னீங்க?" என்றார். "யார் யாருக்குத் தகவல் கொடுக்கிறாங்கன்னு பாத்தேம்மா" என்றேன். "கண்டுபுடிச்சீங்களா?" "கண்டுபுடிச்சேன். யாரும் யாருக்கும் கொடுக்கலை. ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் படிக்கவே இல்லை." அறையே சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நான் பத்து வருஷமாக் கத்துறத இவர் ஒரு வாரத்துல சொல்லிக் கொடுத்துட்டார், எழுதிக்கங்க" என்று மூவரையும் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். பொண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

வெளியே பெஞ்சில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பொண்ணு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கோபித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். "இப்பதான் சார் மூணு பேர் எழுதினதையும் சேத்துப் படிச்சேன். எல்லாக் கேள்விக்கும் பதிலை மாத்திச் சொல்லியிருக்கீங்க. ஒண்ணை மட்டும் மூணு பேர்கிட்டயும் மாத்தாமச் சொல்லியிருக்கீங்க" என்றது. என்ன என்றேன். "வீட்ல எதுவும் வச்ச இடத்துல இருக்க மாட்டேங்குதுன்னு." "முன்னாடி அதெல்லாம் யாரு சார் எடுத்து வைப்பாங்க?" என்றது. மைத்துனரே, உங்கள் அக்காதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் மின்விசிறி வேறு, கண்ணில் தூசி. பொண்ணு ஒன்றும் எழுதவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை, "ம்ம்" கூடச் சொல்லவில்லை. வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க சார், நான் மட்டும்தான் இருப்பேன்" என்றது.

நான் ஏமாறுகிற ஆளா? சும்மா உட்கார்ந்திருப்பது என்று அவர்கள் பாடப் புத்தகத்தில் தனியாக ஒரு பாடமே இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன் நீங்கள் கட்டாயம் வந்து, நீங்கள் போட்ட கையெழுத்தை நீங்களே அடித்துவிட்டு, என் பெயரை அந்த இடத்திலிருந்து நீக்க வேண்டியது. அந்தக் கட்டடத்தில் இனி நான் காலடி வைக்க மாட்டேன். இது உறுதி.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரும் டாக்டராகாமல் தீர்க்காயுசாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் அத்தான்.

பி.கு.: இன்று ஞாயிறு. உறையை ஒட்டப் பசை டப்பாவைத் தேடினேன், காணவில்லை. கேட்டுவிடுவது என்று மகள் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது மருமகன். "பசை டப்பாவைப் பாத்தீங்களா" என்று கேட்கத்தான் வாயெடுத்தேன், வந்தது வேறு. "அவ போனதுலேருந்து எதை எங்க வச்சேன்னே எனக்குத் தெரியலை மாப்பிள்ளை. உங்கமேல பழியப் போட்டுட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் அவர் மகளிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "சாயங்காலம் மூணு பேரும் வரோம் மாமா" என்றார். ஆகவே நீங்கள் வர வேண்டாம், வெள்ளிக்கிழமை நானே போய்க்கொள்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் படித்ததும் கிழித்துப்போடவும். கிழித்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டை எனக்குத் திருப்பி அனுப்பவும்.