தாய்மாமன் போட வேண்டிய போன்

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மாரிசாமி மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வான்மதியைக் கட்டிக்கொண்ட நாள் முதல் உங்களிடம் முறையிட்டே பழகிவிட்ட சபரிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். வான்மதியும் நலமாகத்தான் இருப்பாள். அவள் இப்போது டெக்சாஸில் எங்கள் மகன் கதிரோடு இருக்கிறாள். கோவில்பட்டியில் நீங்களும் அக்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். வாட்ஸ்ஆப்பில் சொல்லாமல் பக்கம் பக்கமாக மெயிலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் என் கை தவறி எல்லாமே குடும்பக் குழுவில் போய் விழுகிறது. போன மாதம் என் மூல வியாதியைப் பற்றி டாக்டருக்கு எழுதியது அங்கே விழ, பாதிப் பேர் படிக்காமலேயே "வாழ்த்துகள்" போட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கதிர் ஐஸ் ஹாக்கியை விட்டுத் தொலைக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த பத்ரி தன் ஆபீஸில் அவனுக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. நான் சொன்னால் "அப்பா, வீ டாக்ட் அபௌட் திஸ்" என்பான். ஆனால் நீங்கள் தாய்மாமன். உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன், உங்கள் சொல்லை மட்டும் தட்ட மாட்டான். நீங்கள் ஒரு போன் போட்டு, "போதும்ல, வீட்டுக்குப் போ" என்று அதட்டினால் என் தலைவலி தீர்ந்தது.

தவிர, இந்தக் கூத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதும் நீங்கள்தான். கதிருக்கு ஆறு வயதில் கோவில்பட்டியிலிருந்து ஒரு ஹாக்கி மட்டை அனுப்பினீர்கள். கோவில்பட்டிக்காரன் பிள்ளைக்கு ஹாக்கி தெரியாமல் போகலாமா என்று நானும் பக்கத்தில் ஹாக்கி கிளாஸ் என்று போட்டிருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டினேன். அரைக்கால் சட்டையும் மட்டையுமாக உள்ளே போனால் தரை முழுக்க ஐஸ். கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். நம் ரத்தத்துக்கு அது பொறுக்குமா? "இந்த சீசன் மட்டும் ஆடட்டும்" என்றேன். அந்த சீசன் இன்னும் முடியவில்லை.

பிறகு காலேஜில் பட்டம் வாங்கினான். அது உறை பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. டிவியில் காட்டுகிற பெரிய லீக் மேல்மாடி என்றால், இவன் ஆடியது அதற்கு இரண்டு மாடி கீழே. ஊர் ஊராக பஸ்ஸில் போய் அடி வாங்குவதுதான் உத்தியோகம். மேல்மாடியிலிருந்து ஒரே ஒரு முறை கூப்பிட்டார்கள். பிரிட்ஜ்வாட்டரில் பாதித் தமிழர்கள் எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து பஜ்ஜி தின்றார்கள். ஆட்டம் முடியும் வரை அவனைக் களத்தில் இறக்கவே இல்லை. ஒரு முறை தண்ணீர் குடித்ததை மட்டும் காட்டினார்கள். உங்கள் தங்கை அதை போட்டோ பிடித்துப் பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

நம் ஊர்ச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு மாட்டுக்கு விலை பேசுவார்களே, இங்கே ஆட்டக்காரர்களுக்கும் அதே கதைதான். ஒரு டீம் இவனை இன்னொரு டீமுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு என்ன வாங்கினார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா. அப்புறமா ஏதாச்சும் குடுத்துக்கலாம்னு பேசிக்கிட்டாங்க, தட்ஸ் நார்மல்" என்றான். மாட்டுக்காவது கையில் முன்பணம் வைப்பார்கள். இவனுடைய வேலையோ எதிராளியை இடிப்பது. இடித்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். முதல் தடவை அதைப் பார்த்த வான்மதி, "ஏங்க, நம்ம புள்ளைக்கு மட்டும் தனி ரூம் குடுத்திருக்காங்க" என்று பூரித்துப் போனாள். கோயிலில் யாராவது ஆன்ட்டி, "பையன் எங்க வொர்க் பண்றான் அங்கிள்?" என்று கேட்டால், "கோல்டு ஸ்டோரேஜ் பக்கம்" என்று சொல்லிப் பிரசாத வரிசைக்கு நழுவிவிடுவேன்.

முட்டி தேய்ந்த பிறகு ஆடுவதை நிறுத்தினான். பெருமாள் கண் திறந்தார் என்று நான் கையெடுத்துக் கும்பிடுவதற்குள், டெக்சாஸில் ஒரு டீமுக்கு அசிஸ்டெண்ட் கோச்சாகப் போய்விட்டான். வெயிலில் அப்பளம் பொரிகிற ஊரில் ஐஸ் ஹாக்கி. டீம் வரிசையாகத் தோற்றது. உங்கள் தங்கை இங்கே கோயிலுக்குப் போய் கோல்கீப்பர் பேரில் அர்ச்சனை செய்தாள். பட்டர் நட்சத்திரம் கேட்டார். அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு உத்திரட்டாதி என்று இவளே முடிவு செய்தாள். அதற்கும் மசியவில்லை என்றதும், "இது திருஷ்டிதான், நேர்ல போயி கழிக்கணும்" என்று பிளைட் ஏறிவிட்டாள்.

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் கடையில் வெள்ளைப் பூசணிக்காய் வாங்கியிருக்கிறாள். ஆட்டத்தன்று ஆட்டக்காரர்கள் நுழைகிற பின்வாசலில் நின்று, பூசணிக்குள் குங்குமம் கொட்டி, சூடம் ஏற்றி, முறையாகச் சுற்றிப் போட்டு உடைத்திருக்கிறாள். உடைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம் அல்லவா? அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேராக நடந்து போய்த் தன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே பின்னால் தலைமை கோச் அந்தப் பூசணியில் கால் வைத்து வழுக்கி விழுந்ததை அவள் பார்க்கவில்லை. குங்குமத்தில் கிடந்தவரைப் பார்த்துக் கொலை என்று நினைத்து செக்யூரிட்டி கதவையெல்லாம் அடைத்தது அவளுக்குத் தெரியாது; கதிர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "உள்ள ஒரே பரபரப்பா இருந்துச்சுங்க, நல்ல கூட்டம்" என்று எனக்குப் போனில் சொன்னாள்.

தலைமை கோச்சுக்குக் கணுக்கால் முறிவு. அன்றைக்கே கதிரை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அன்று ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டமும் ஜெயித்தார்கள். திருஷ்டி கழிந்தது மச்சான், கழிந்த விதம்தான் கொஞ்சம் முரடு. லேப்டாப்பில் நானும் பார்த்தேன், வேறு வேலை இல்லாததால். என்னிடம் கத்துகிற கத்தலில் அங்கே கால்வாசி கூட இல்லை. கோல்கீப்பர் கோட்டை விட்டு, இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டபோது பக்கத்தில் போய் நின்றான். அந்தத் தடியன் எழுந்து போய் மீதி ஆட்டம் முழுக்கச் சுவர் மாதிரி நின்றான். பக்கத்தில் நிற்பதற்கெல்லாம் ஒரு சம்பளம், பாருங்கள்.

இதோடு விட்டானா என்றால் இல்லை. பூசணிக்காய் யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஹாலோவீன் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்ம அரிச்சந்திரன், "நோ அப்பா, அம்மாதான் உடைச்சாங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்லணும். சொல்லாம இந்த வேலைய வச்சுக்கிட்டா, தட்ஸ் நாட் ஃபேர்" என்கிறான். இன்று போய்ச் சொல்லப் போகிறானாம். இப்படிப்பட்ட பிள்ளை பிழைக்க பத்ரி ஆபீஸை விட்டால் வேறு இடம் உண்டா? உடனே போன் போடுங்கள். மாமன் முறைக்கு ஒரு மரியாதை இன்னும் இருக்கிறது என்று அவனுக்குக் காட்டுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். அவர்கள் முட்டிக்கு அந்தத் தைலத்தைத் தடவுவதற்குத்தான் அனுப்பினேன், அலமாரியில் காட்சிக்கு வைக்க அல்ல என்று சொல்லவும். பேரப் பிள்ளைகள் படித்து, பனி இல்லாத ஊரில் பென்ஷன் உள்ள வேலையில் அமர அந்த செண்பகவல்லி அம்மன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆசியையும் போனையும் வேண்டும்
சபரிநாதன்

பி.கு.: மெயிலை அனுப்பப் போகும்போது கதிரே கூப்பிட்டான். உண்மையைச் சொல்லிவிட்டானாம். மேனேஜர் அவனுடைய நேர்மையைப் பாராட்டிக் கை குலுக்கினாராம். குலுக்கிய கையோடு, திரும்பி வரப்போகும் பழைய கோச்சுக்கு உன் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லை என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டாராம். "இட்ஸ் ஓகேப்பா. பத்ரி அங்கிள்கிட்ட சொல்லிடுங்க. மண்டே ஜாயின் பண்றேன். நீங்க சொன்னது கரெக்ட்தான்" என்றான். இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். மூக்கு உடைந்து ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது கூட என்னோடு சண்டை போட்டவன் மச்சான் அவன். இன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. பத்ரியைக் கூப்பிட்டு, நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதைக் கதிரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் மறந்துவிட்டு உடனே போன் போடுங்கள். வீட்டுக்கு வரக் கூடாது, போய் வேறு டீம் தேடு, இது தாய்மாமன் உத்தரவு என்று அதட்டுங்கள். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டாம்.