சங்ககிரியில் அறுபது லிட்டர் கடல்

மூன்று லாரிகளுக்கு நான் ஓனர். எந்த வண்டி எங்கே போக வேண்டும், என்ன லோடு ஏற்ற வேண்டும், எந்த டிரைவர் லீவு கேட்டால் முறைக்க வேண்டும், எல்லாம் என் முடிவு. சங்ககிரி பைபாஸ் தாண்டி வீட்டு கேட்டுக்குள் நுழைந்ததும் என் முடிவு முடிந்துவிடும். என்ன குழம்பு, எந்தச் சட்டை, ஃபேன் எந்த நம்பரில் சுற்ற வேண்டும், எல்லாம் ரஞ்சிதா. என் மனைவி.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தாவது இட்லிக்குக் கை நீட்டினேன். "போதுமுங்க" என்று தட்டு நகர்த்தப்பட்டது. அந்த நிமிடத்தில் சபதம் எடுத்தேன். இந்த வீட்டில் இரண்டடி இடமாவது என் இஷ்டப்படி இருக்க வேண்டும்.

எந்த இடம் என்பதிலும் குழப்பமில்லை. முன்னறையில், எங்கள் பேச்சில் ஆசாரத்தில், ஜன்னலோர மூலை. அந்த மூலைக்கு ஏற்கெனவே ஒரு மனு நிலுவையில் இருந்தது. ரஞ்சிதா ரவிக்கை, சுடிதார் தைப்பவள். மெஷின் இருப்பது மொட்டை மாடியில், தகரம் போட்ட அறையில். சித்திரையில் அங்கே வைத்த அப்பளம் தானாகவே பொரியும். மெஷினைக் கீழே மூலைக்குக் கொண்டுவர நாலு வருடமாகக் கேட்கிறாள். லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆட்கள் வந்து உட்காரும் இடத்தில் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்தால் நன்றாகவா இருக்கும் என்று நானும் நாலு வருடமாகச் சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தோற்காத ஒரே வழக்கு அது. ஆனால் காலி மூலை எப்போதும் ஆபத்து. எதையாவது கொண்டுவந்து நிறுத்திவிட்டால் வழக்கே தள்ளுபடி.

"ஆசாரத்து மூலைல மீன் தொட்டி வெக்கப் போறேன்" என்றேன்.

"வைங்க."

நான் அடுத்து பேசுவதற்காக இரண்டு பக்க வசனம் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"ஊடு உங்களுது, மூலையும் உங்களுது. ஆனா உசுரோட வெளையாடக் கூடாதுங்க. ஆடிப் பதினெட்டு வரைக்கும் ஒரு மீனும் சாவக்கூடாது. ஒண்ணே ஒண்ணு செத்தாலும் தொட்டி பின்னால பொடக்காலிக்கு, மெஷின் ஆசாரத்துக்கு."

"சாவலீன்னா?"

"மூல உங்களுதுதானுங்க. அப்பறம் மெஷினப் பத்தி நான் வாயவே தொறக்க மாட்டேன்."

போதாததற்கு கடையும் அவளே சொன்னாள். "எங்கிட்ட சுடிதார் தெக்கிற இர்பானாவோட அண்ணன், முபஷிருன்னு பேரு, சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டில அழகு மீன் கடை வெச்சிருக்காரு. அங்க போங்க. ஏமாத்தமாட்டாரு."

இப்படி ஒரு எதிராளி கிடைப்பாளா என்று நெகிழ்ந்து போனேன்.

முபஷிரிடம் கோல்டு ஃபிஷ் கேட்டேன். அவன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"அண்ணா, கோல்டு ஃபிஷ் எல்லா ஊட்லயும் இருக்குது. மூணு வண்டி ஓனரு நீங்க. உங்க தகுதிக்குக் கடல் மீன்தாண்ணா."

தகுதி என்று ஒருவன் என்னைப் பற்றிச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. அறுபது லிட்டர் தொட்டியோடு வீடு திரும்பினேன்.

கிளம்பும்போது அவன் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "சின்னத் தொட்டிண்ணா. பெருசுன்னா தப்பு பண்ணாக்கூட ரெண்டு நாள் டைம் குடுக்கும். சின்னது குடுக்காது. பொறுமையாப் பண்ணுங்க."

கடல் தண்ணீருக்கு ஒரு உப்பு பாக்கெட் இருக்கிறது, அதை வடிகட்டிய தண்ணீரில் கரைக்க வேண்டும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வண்டி வாராவாரம் தூத்துக்குடி போகிறது. அங்கே கடல் சும்மா கிடக்கிறது. டிரைவர் பெரியசாமியிடம் சொல்லியனுப்பினேன். அவனும் விசுவாசமாக நாலு கேன் கடலை ஏற்றிவந்தான். தொட்டியில் ஊற்றி நாலு நாள் ஆனதும், முபஷிர் தண்ணீரைச் சோதிக்க வந்தான். குழாயில் எடுத்து மருந்தை விட்டதும் மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது.

"அண்ணா, எதுல கொண்டாந்தீங்க தண்ணிய?"

"நம்ம ஷெட்டுல கெடந்த நீலக் கேன்ல. ஆட்ப்ளூ கேன். பெரியசாமி மூணு தடவ அலசிட்டுத்தான் புடிச்சான்."

ஆட்ப்ளூ என்பது இப்போது வருகிற லாரிகளில் புகையைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றுவது. எங்கள் ஊரில் தண்ணீர்க் குடத்தைவிட அந்தக் கேன்தான் அதிகம்.

"அது யூரியாத் தண்ணிண்ணா. கெடக்கக் கெடக்க அமோனியா ஆயிரும். மீனு உட்டிருந்தா ஒரே நாளு."

நாலு கேன் தூத்துக்குடியும் சாக்கடைக்குப் போயிற்று. ரஞ்சிதா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ரசத்துக்கு ஊத்தலாம்னா யூரியா, தென்னைக்கு ஊத்தலாம்னா உப்பு. நல்லாத்தான் கொண்டாந்தீங்க" என்றாள். 

பிறகு ஒழுங்காகப் பாக்கெட் உப்பைக் கரைத்தோம். மணல் போட்டோம், கடல் பாறை வைத்தோம். இனி மீன்தான் என்று நான் சட்டையை மாட்டினேன்.

"நாப்பது நாள் சும்மா உடுங்கண்ணா" என்றான் முபஷிர். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்ன அந்தப் பாறையில் பாக்டீரியா வளர வேண்டுமாம். அது வளரும்வரை உள்ளே போகும் மீன் வெளியே மிதந்துதான் வருமாம்.

எங்கள் தொழிலில் காலி வண்டி ஓட்டுவது பாவம். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் வண்டி வந்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் நாற்பது நாள், விளக்கு எரிய, மோட்டார் ஓட, ஒரு காலித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். புக்கிங் ஆட்கள் விசாரித்தார்கள்.

"ஓனருங்க, மீன் எங்கீங்க?"

"வரும்."

"அப்ப இப்ப என்னத்தப் பாக்கறீங்க?"

"பாக்டீரியா."

அதன் பிறகு அவர்கள் என்னிடம் கொஞ்சம் மெதுவாகவும் அன்பாகவும் பேசத் தொடங்கினார்கள்.

இருபதாவது நாள் பொறுக்க முடியாமல் சட்டையை மாட்டினேன். ரஞ்சிதா கேட்டாள்: "ஏனுங்க, ஆர்டிஓ பாத்து எஃப்சி ஆவாத வண்டிய ரோட்டுல எறக்குவீங்களா?"

"எறக்கமாட்டேன்."

"தொட்டிக்கு இன்னும் எஃப்சி ஆவலீங்க. சட்டையக் கழட்டுங்க."

சித்திரை கடைசியில் சோதனைத் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. அன்றைக்கே சேலம் ஓடினேன். கையில் ஏழு மீன்களின் பட்டியல். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். அறுபது லிட்டரில் ஏழும் தாராளமாக ஏறும், ஒரு கிளீனருக்கும் இடமிருக்கும் என்பது என் கணக்கு.

"ரெண்டுதாண்ணா" என்றான் முபஷிர். "பாக்டீரியா இப்பத்தான் பொறந்திருக்குது. ஏழு மீனோட கழிவ அது தாங்காது. இது ஓவர்லோடுண்ணா."

சங்ககிரியில் பிறந்தவனிடம் ஓவர்லோடு பற்றிப் பாடம். "தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிட்டா எல்லாம் தாங்கும்" என்று வாய்வரை வந்துவிட்டது.

"ஏழு ஏத்துங்க, பரவால்ல. அக்கா ஜெயிச்சுருவாங்க" என்றான் அவன்.

இரண்டை மட்டும் வாங்கினேன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன்கள். பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு ஒரு வாளியில் வைத்து, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்கி, அதன் பிறகே உள்ளே விட்டேன். எனக்குக்கூட மாமனார் வீட்டில் இப்படி ஒரு வரவேற்பு நடந்ததில்லை.

வைகாசி வெயில் வந்தது. தண்ணீர் சூடாகாமலிருக்க மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். தினமும் ஒரு விரல் தண்ணீர் குறைந்தது. நானும் தினமும் உப்புத் தண்ணீர் கரைத்து நிரப்பினேன். ஒரு வாரத்தில் மீன் இரண்டும் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டன. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.

ரஞ்சிதா தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி வந்தவள் நின்றாள். "என்னத்த ஊத்தறீங்க?"

"கடல் தண்ணி கொறஞ்சா கடல் தண்ணிதான ஊத்தோணும்?"

"கொழம்பு சுண்டுனா மறுக்காவும் உப்புப் போட்டா ஊத்துவாங்க? ஆவியாப் போறது தண்ணிதானுங்க. உப்பு அங்கயேதான் கெடக்குது."

முபஷிருக்குப் போன் போட்டேன். "அக்கா சொல்றது சரிண்ணா. வெறும் தண்ணி ஊத்துங்க. ஒரேயடியா ஊத்தாதீங்க, கொஞ்சங் கொஞ்சமா" என்றான். ரஞ்சிதா துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து வந்து கண்ணாடியில் ஒரு கோடு போட்டாள். காலையும் மாலையும் அந்தக் கோடுவரை நல்ல தண்ணீர். நாலு நாளில் மீன்கள் வெளியே வந்தன. ஒரு மாதம் கழித்து மூன்றாவதாக ஒரு கோபி மீனும் வந்து சேர்ந்தது. மணலை வாயில் அள்ளி அள்ளித் துப்பிக்கொண்டிருக்கும். வேலைக்காரன். எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

ஆனி மாதம் ஒரு வண்டிக்கு பாடி கட்டும் வேலையாக நாமக்கல் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கு எங்கள் பக்கம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி செத்து ஒரு வாரம் ஆகிறது. மோட்டார் ஓடாவிட்டால் அந்தச் சின்னத் தொட்டியில் மீனுக்கு மூச்சு இருக்காது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஊத்திட்டிருக்கேனுங்க. போன வைங்க, கையி ஒழியல."

நான் வீடு சேர மணி இரண்டு. ரஞ்சிதா தொட்டி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, டம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். டீ ஆற்றுகிற மாதிரி. கொஞ்ச நேரம் ஊற்றுவாள், மாடிக்கு ஓடி நாலு தையல் போடுவாள், திரும்ப வருவாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஊசி குத்திய இடத்தில் உப்பு எரிகிறது என்று கையை உதறினாள்.

மூன்று மீனும் உயிரோடிருந்தன. அவள் சும்மா மாடியில் இருந்திருந்தால் போதும். மூலை அவளுடையது.

"ஏம்புள்ள ஊத்துன?"

"வாயத் தொறந்து தொறந்து மூடுச்சுங்க. அதப் பாத்துட்டு எப்புடி மேல போறது?"

நாலு வருடமாக அந்தத் தகரக் கொட்டகைக்கு அவளை அனுப்பிய என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. இனி கரண்டு போனால் என்ன செய்வது என்று முபஷிரிடம் கேட்டேன். "இன்வெர்ட்டர மட்டும் நம்பாதீங்கண்ணா, பேட்டரி மோட்டார் ஒண்ணு தரேன். ஆனா கரண்டு போனதும் போட்டுவிட ஆள் வேணுமே" என்றான். ஆள் எங்கே? நான் ரோட்டில், அவள் மாடியில்.

"ரஞ்சி, மெஷினக் கீழ கொண்டாந்துரலாமா?"

"வேண்டாமுங்க. பேச்சுன்னா பேச்சு."

"பேச்சு கெடக்குது."

"புக்கிங் ஆளுங்க வார எடம். பொம்பளைங்க துணியும் கையுமா வந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும்."

"நீங்கதான சொன்னீங்க நல்லாருக்காதுன்னு. நாலு வருசமா."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"யோசிக்கறேனுங்க."

இரண்டு நாள் யோசித்தாள். அந்த இரண்டு நாளும் நான் லோடு ஏற்றவில்லை, பட்டறைக்குப் போகவில்லை. தொட்டி பக்கத்திலேயே காவல் இருந்தேன். மூன்றாம் நாள் கையெடுத்துக் கும்பிட்டேன். "சாமி, மீனுக்காவது எறங்கி வா."

"மீனுக்காகன்னா சரிங்க" என்றாள்.

நானும் பெரியசாமியும்தான் மெஷினைச் சுமந்து இறக்கினோம். வெளிச்சம் போதவில்லை என்று ஒரு டியூப் லைட் போட்டேன். துணி அடுக்க ஒரு ஷெல்ஃப் அடித்தேன். அளவு பார்க்க ஆளுயரக் கண்ணாடியும் ஒரு திரையும் வந்தன. என் சோபா ஜன்னலை மறைத்ததால் அது போர்டிகோவுக்குப் போனது. சோபா போன இடத்துக்குப் புக்கிங் ஆட்களும் போனார்கள்.

ஆடிப் பதினெட்டு. பவானி ஆற்றுக்குப் போய்விட்டு வந்து தொட்டி முன்னால் நின்றேன். மூன்று மீன், மூன்றும் உயிரோடு. பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். தங்கை இர்பானாவைத் துணி தைக்கக் கொடுக்க அழைத்து வந்திருந்த முபஷிர் கை கொடுத்தான்.

"சாதிச்சுட்டீங்கண்ணா. ஒண்ணுகூடச் சாவல. அன்னைக்கு அக்கா போன்ல கேட்டப்பவே நெனச்சேன், இது நல்லா வரும்னு."

"என்னைக்கு?"

"நீங்க மொத மொதக் கடைக்கு வந்தீங்களே, அன்னைக்குக் காலைலதாண்ணா. 'பகல் பூரா பக்கத்துலயே ஆள் இருக்கோணும்னா அது எந்த மீனு'ன்னு கேட்டாங்க. கடல் மீனுதாங்கான்னேன். 'அப்ப அவரு எதக் கேட்டாலும் அதையே குடுத்துருங்க'ன்னாங்க."

நான் மெல்லத் திரும்பினேன். ரஞ்சிதா உதட்டில் இரண்டு குண்டூசியைக் கவ்வியபடி இர்பானாவின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை நிதானமாக எடுத்தாள்.

"மெஷினப் பத்தி நான் வாயத் தொறந்தேனுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். திறக்கவே இல்லை. திறந்ததெல்லாம் நான்தான்.

"பொம்பளைங்க அளவு குடுக்கோணும். ஆம்பளைங்க ரெண்டு பேரும் செத்த வெளிய உக்காருங்க" என்று திரையை இழுத்துவிட்டாள்.

தொட்டிக்குள் இருந்த ஆண் மீனை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.