டிராயரில் மிச்சமிருந்த மாத்திரைகள்

டிராயரைத் திறந்த ஸ்டோர்கீப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவியின் ஹார்மோன் மாத்திரைகள் அட்டையில் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. வாங்கி மூன்று மாதம் ஆகிறது!

அவளுக்கு மாதவிடாய் நின்ற அந்த வருஷத்தை அவர் மறப்பாரா? கொட்டும் குளிரில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பாள். அவர் பேசினால் அழுவாள். பேசாவிட்டால் இன்னும் அழுவாள். டாக்டரம்மாவின் மருந்துதான் அவளை மீட்டது. "நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நிறுத்திவிட்டாளே! மறுபடி தவிப்பாளே!

முப்பது வருஷம் ஆலை ஸ்டோரில் ஒரு நட்டைக்கூடத் தொலையவிடாத மனிதர். மனைவியை விட்டுவிடுவாரா?

"இனிமே தினமும் காலையில என் கண்ணு முன்னாடி மாத்திரையை முழுங்கணும்."

"முடியாது."

"ஏன்?"

"உங்க பிரஷர் மாத்திரையை நீங்க ஏறெடுத்துப் பாத்தே ரெண்டு வருஷமாச்சு. சட்டம் எனக்கு மட்டுமா?"

"இப்ப நான் என்ன பண்ணணும்கிற?"

"நீங்க ஒண்ணு முழுங்குங்க. நான் ஒண்ணு முழுங்கறேன்."

டாக்டரிடம் கேட்டு வாங்கிய பிரஷர் மாத்திரையின் புது அட்டையைத் தயாராக நீட்டினாள். எப்போது வாங்கினாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்காக முழுங்கினார். அவளும் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து முழுங்கினாள். இப்படியே ஆறு மாதம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அவள் அந்தப் பக்கம் போனதும் வாஷ்பேசினில் துப்பினார். யாருக்குத் தெரியப்போகிறது?

வருடாந்தரப் பரிசோதனைக்கு இருவரும் போனார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"டாக்டர், இவ மாத்திரையை விடாம போட வச்சது நான்தான்!"

டாக்டரம்மா விழித்தார். "எந்த மாத்திரை? அதைப் பாதியில நிறுத்திட்டு, இடுப்புல ஒட்டுற பேட்ச் குடுத்து ஒன்பது மாசமாச்சே. ஒரு தடவைகூடத் தவறாம ஒட்டிக்கிறாங்க."

ஸ்டோர்கீப்பர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப... தினமும் முழுங்கினியே?"

"கால்சியம்ங்க" என்றாள் மனைவி சாதுவாக.

டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். "அட, பிரமாதமா இருக்கே! மாத்திரையை ஒழுங்கா போடறீங்க போல!"

மனைவி கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். அவருடைய ஸ்டோரில் சரக்கு இருப்பு எழுதும் அட்டை. தேதிவாரியாக டிக் போட்டிருந்தது.

"போடறார் டாக்டர். ரெண்டு ஞாயித்துக்கிழமை மட்டும் வாஷ்பேசின்ல துப்பிட்டார்."