பெயர் தெரிந்த இரண்டு ஆண்கள்

ராஸ் அல்-சித்ர் ஊரில் ஒரு பெண்ணின் பெயரை நாலு பேர் காதில் விழும்படி சொல்லக்கூடாது. இது சட்டமல்ல. சட்டமாக இருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். இது மானம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தங்க எழுத்தில் இருக்கும், இரண்டு தகப்பன்மார் பெயரும் பாட்டன்மார் பெயரும் இருக்கும், விருந்து எந்த மைதானத்தில் என்பது வரைபடத்தோடு இருக்கும். மணப்பெண் மட்டும் "இன்னாரின் மகள்". ஐந்து மகள்கள் உள்ள வீட்டில் பெண் எடுத்த ஒரு மாப்பிள்ளைக்கு, வந்திருப்பது எந்த மகள் என்று ஒரு வாரம் சந்தேகம் இருந்ததாம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று அவரும் கேட்கவில்லை.

மனைவியை ஆண்கள் "வீட்டார்" என்பார்கள், இல்லாவிட்டால் "குடும்பம்" என்பார்கள். "என் குடும்பத்துக்கு ஏழு மாசம், கால் ரெண்டும் வீங்கியிருக்கு" என்று டாக்டரிடம் சொல்வார்கள். டாக்டரும் குடும்பத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்புவார்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஊரில் உம்மு நாயிஃப் ஒரு சிக்கலை உண்டாக்கினார். உம்மு நாயிஃப் என்றால் நாயிஃபின் தாய். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தவர். ஊரில் பாதிப் பேர் முதலில் விழுந்தது அவர் கையில்தான். அவருடைய கணவர் மிஷ்அல் சாவதற்குப் பத்து நாள் முன்னால், முத்திரைத் தாளில் தாங்கள் குடியிருந்த வீட்டை மனைவிக்கு எழுதிவைத்தார். பத்திரத்தில் மனைவியின் பெயரை எழுதித்தானே ஆகவேண்டும்? எழுதினார். எழுதும்போது அவர் கை நடுங்கியது. நோயினாலா வெட்கத்தினாலா என்பது தெரியவில்லை.

வீடு இருந்த மனை பரம்பரை மனை. அப்படிப்பட்ட மனையில் பெண்ணுக்கு எழுதிய பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் ஆவணப் பதிவு அலுவலகத்தில் உறுதி செய்யவேண்டும். "பத்திரத்தில் கண்ட பெண்மணி இவரே" என்று இரண்டு ஆண்கள், அவருடைய பெயரைச் சொல்லிச் சாட்சி கூறவேண்டும். தவறினால் வீடு குடும்பத் தலைவரைச் சேரும். குடும்பத் தலைவர் என்பவர் மிஷ்அலின் தம்பி ஜாபிர். அவர் துக்கம் விசாரிக்க வந்த அன்றே கையில் அளவுநாடா கொண்டுவந்திருந்தார். வாசல் அறையை டயர் கடை ஆக்கினால் எத்தனை டயர் அடுக்கலாம் என்பது மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு மாதக் கெடுவின் கடைசி நாள் காலை, இரண்டாவது சாட்சி கிடைக்காமலே உம்மு நாயிஃப் மகனைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார். பெண்களுக்கென்று ஓரத்தில் ஒரு பழுப்புத் திரை தொங்கியது. அவர் திரைக்குப் பின்னால் நின்றார். நாயிஃப் வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் நாற்பது ஆண்கள்.

மேசையில் எழுத்தர் ஃபவாஸ் இருந்தார். முன்பல் ஒன்று தங்கத்தில். குடும்பப் புத்தகத்தைப் பிரித்தார். அந்தக் காலத்தில் பெண்களுக்குத் தனி அடையாள அட்டை கிடையாது. கணவனின் குடும்பப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பார்கள். அந்த வரியில் இப்படி எழுதியிருந்தது: மனைவி - ஒன்று.

"ஒண்ணுன்னு போட்டிருக்கு. எண்ணிக்கை சரியா இருக்கு" என்றார் ஃபவாஸ். "ஆனா பத்திரத்துல வேற ஏதோ பேரு இருக்கே. புத்தகத்துல 'ஒன்று', பத்திரத்துல பேரு. ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி நம்புறது?"

"அதுக்குத்தான் சாட்சி சொல்ல வந்திருக்கேன்" என்றான் நாயிஃப்.

"நல்லது. சாட்சி ஒண்ணு, மகன். இப்ப உங்க தாயார் பேரைச் சத்தமா சொல்லுங்க."

நாயிஃப் திரும்பிப் பார்த்தான். நாற்பது ஆண்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

இங்கே நாயிஃபைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் புவியியல் ஆசிரியர். உலகத்தின் எழுபது ஆறுகளின் பெயரை மூச்சு விடாமல் சொல்வான். ஆனால் அவன் நாலாம் வகுப்பு படித்தபோது, உடன் படித்த ஒரு பையன் எப்படியோ அவன் அம்மாவின் பெயரைத் தெரிந்துகொண்டு மைதானத்தில் மூன்று முறை கத்திவிட்டான். நாயிஃப் அவன் பல்லை உடைத்தான். தலைமையாசிரியர் பல் போனவனை அடித்தார், உடைத்தவனைத் தட்டிக்கொடுத்தார். அன்றோடு அந்தப் பெயரை நாயிஃப் மண்ணுக்குள் புதைத்துவிட்டான். பல் போன பையன்தான் இப்போது தங்கப் பல்லோடு மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"உம்மு நாயிஃப்" என்றான் நாயிஃப்.

"அது உறவு. பேரு கேட்டேன்."

"அவங்க என் தாயார். அது போதாதா?"

"போதும்னு எனக்கும் ஆசைதான். படிவத்துல 'தாயார்'னு ஒரு கட்டம் இல்லையே."

திரைக்குப் பின்னாலிருந்து உம்மு நாயிஃபின் குரல் வந்தது. "சொல்லுடா. நாலு எழுத்து. வீடு போயிடும்."

"உம்மா, ஆம்பளைங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நான் செத்தா போயிடுவேன்?"

"வீடு போனாலும் வாடகைக்குப் பார்த்துக்கலாம் உம்மா. மானம் போனா எங்க போய்ப் பார்க்கிறது?"

வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டி மெச்சினார்கள். உம்மு நாயிஃப் திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஒன்றரை நாள் வலித்துப் பெற்ற பிள்ளை இது. அன்றைக்கு அவர் போட்ட கூச்சலில் தெருவே விழித்திருந்தது. இவனுக்கு நாலு எழுத்து வாயில் வரவில்லை.

விவகாரம் இயக்குநர் ஹம்தானிடம் போனது. அவர் வெள்ளை அங்கியில் கஞ்சி மடிப்புக் கலையாமல் வந்து, மேற்படி விஷயத்தைத் தம் மேலான கவனத்துக்கு எடுத்துக்கொண்டார்.

"வேற யாருக்காவது உங்க பேரு தெரியுமா பெரியம்மா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

"மருந்துக்கடை இத்ரீஸுக்குத் தெரியும். பன்னெண்டு வருஷமா மருந்துப் பொட்டலத்துல எழுதிக் கொடுக்கிறார்."

"அவர் சூடான்காரர். வெளிநாட்டவர் சாட்சி செல்லாது."

"ஆம்பளைதானே?"

"ஆம்பளையா எண்ணுறதில்லை. எண்ணுனா உங்க பேரு அவருக்கு எப்படித் தெரியும்னு கேள்வி வருமே. உங்க மானத்துக்காகத்தான் எண்ணாம இருக்கோம்."

"அப்ப பொம்பளைங்க சாட்சி சொல்லட்டும். இந்தத் தெருவுலயே பத்துப் பேரு வருவாங்க."

"தாராளமா. அவங்க யாருன்னு சொல்ல ஆளுக்கு ரெண்டு ஆம்பளை வேணும். மொத்தம் இருபது பேரைக் கூட்டிட்டு வாங்க." இயக்குநர் தொண்டையைச் செருமினார். "விதி தெளிவா இருக்கு பெரியம்மா. உங்க பேரு தெரிஞ்ச ஆம்பளை வேணும். ஆனா அந்நியப் பொம்பளை பேரைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறவன் யோக்கியன் இல்லை. யோக்கியன் இல்லாதவன் சாட்சி செல்லாது. யோக்கியனுக்குப் பேரு தெரியாது. அவன் சாட்சியும் செல்லாது. இதுல எங்களால முடிஞ்ச உதவியை எப்பவும் செய்யக் காத்திருக்கோம்."

ஜாபிரும் வந்திருந்தார், கெடு முடிவதை நேரில் பார்க்க. அவரைக் கேட்டார்கள். அவர் நெஞ்சில் கை வைத்தார்.

"முப்பத்தாறு வருஷம் ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கோம். அண்ணி ஆக்குன சோத்தைத் தின்னிருக்கேன். என் மூணு பிள்ளைகளும் அவங்க கையிலதான் பொறந்தாங்க. அல்லாஹ் மேல ஆணையா, ஒரு நாள்கூட அவங்க பேரு என்னன்னு நான் கேட்டதில்லை. நான் அப்படிப்பட்ட ஆளு."

கூடம் நெகிழ்ந்துபோனது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருவருக்கு வீடு போவதில் என்ன தவறு என்று பலருக்கும் தோன்றிவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு அலுவலகம் மூடும். உம்மு நாயிஃப் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை கறுப்பு அங்கி, முகத்திரை, கையில் பழைய தோல் பை. பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அதே பை.

"என் பேரு தெரிஞ்ச ஆம்பளை இங்க இல்லை. சரி. ஆனா உங்க தாயார் பேரு தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி இருக்கா" என்றார். "முப்பத்தஞ்சு வருஷம் பிரசவம் பார்த்தவ. வலியில துடிக்கிறவளை என்னன்னு கூப்பிடுவேன்? 'ஹம்தானோட அம்மா, முக்கு'ன்னா? ஹம்தான்தான் இன்னும் வெளியவே வரலையே. பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தியையும்."

அவர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "ஃபவாஸ். நீ கால் முன்னால வந்தவன். உன் அம்மா ஷம்சா ரெண்டு ராத்திரி செத்துப் பொழைச்சா."

ஃபவாஸ் பேனாவைக் கீழே போட்டார். வரிசையில் முதலில் நின்றவர் வாசலைப் பார்த்தார்.

"எங்க ஓடுறே? உன் அம்மா லுல்வா. உனக்குப் பின்னால நிக்கிறவன் ஹய்லாவோட மகன். ஹய்லா என் கையைக் கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு, பார்க்கிறியா? ஜாபிரு, நீங்களும் உக்காருங்க. என் மாமியாருக்கு, அதாவது உங்க அம்மாவுக்கு, கடைசி நாள்ல கஞ்சி ஊட்டுனவ நான். பேரைச் சொல்லட்டுமா?"

ஜாபிர் அளவுநாடாவைப் பைக்குள் தள்ளினார். பின்வரிசையில் ஏழெட்டுப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் தம் காதைப் பொத்துவதா பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்துவதா என்று தெரியாமல் தவித்தார். உம்மு நாயிஃப் நிதானமாக இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"இனி நீ மகனே. உன் அம்மா பேரு..."

"போதும்" என்றார் இயக்குநர் ஹம்தான். கஞ்சி மடிப்பு முதன்முறையாகக் கலைந்தது. "யாருக்காவது இந்த அம்மா பேரு தெரியுமா தெரியாதா? சீக்கிரம்."

ஃபவாஸ் மெல்லக் கையைத் தூக்கினார்.

"எனக்குத் தெரியும் ஐயா. நாலாம் வகுப்புலேர்ந்து. அன்னைக்குச் சொல்லி ஒரு பல்லு போச்சு." நாயிஃபின் கையைப் பார்த்தார். அது முஷ்டியாகியிருந்தது. "உத்தரவு போட்டா சொல்றேன். அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"சொல்லு" என்றார் இயக்குநர்.

ஃபவாஸ் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். சாட்சி ஒன்று ஆயிற்று. எல்லாரும் நாயிஃபைப் பார்த்தார்கள். மணி இரண்டுக்கு நாலு நிமிடம். நாயிஃப் காது மடல் சிவந்து, தரையைப் பார்த்து, உம்மாவின் பழைய பையைப் பார்த்து, மாணவன் பாடம் ஒப்பிப்பதுபோல் அந்தப் பெயரைச் சொன்னான். கூரை இடிந்து விழவில்லை. விழும் என்று எதிர்பார்த்து இரண்டொருவர் மேலே பார்த்ததுதான் மிச்சம். உம்மு நாயிஃப் முகத்திரைக்குள் அழுதார். மகன் வாயால் தன் பெயரைக் கேட்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

முத்திரை விழுந்தது. பத்திரம் உள்ளே போய், ஒப்பம் பெற்று, வெளியே வந்தது. உம்மு நாயிஃப் வாங்கிப் பார்த்தார். வீட்டின் எல்லைகள் இருந்தன. வடக்கே ஜாபிர் வீடு, தெற்கே பள்ளிவாசல் சந்து. சாட்சிகள் பெயர் இருந்தது, இயக்குநர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு மை பூசியிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: "மேற்படி பெண்மணியின் கண்ணியம் கருதிப் பெயர் மறைக்கப்பட்டுள்ளது."

"இது என்ன?" என்றார்.

"மரியாதை" என்றார் ஃபவாஸ். "இதுக்குத் தனியா விண்ணப்பம் போடணும். உங்களுக்கு நாங்களாவே செஞ்சு கொடுத்திருக்கோம்."

அவர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வீடு நின்றது, அது போதும். நாயிஃப் வண்டி எடுக்கப் போயிருந்தான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இயக்குநர் ஹம்தான், தனியாக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பெரியம்மா." குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள என் அம்மா பேரைச் சொல்ல வந்தீங்களே."

"ஆமா. நீ வேணாம்னே."

"எனக்கு ரெண்டு வயசுல போயிட்டாங்க. வாப்பா 'உன் தாயார்'னுதான் சொல்லுவார், அவரும் போயிட்டார். அடக்கம் பண்ணின கபர்ல பேரில்லாத வெறும் கல்லுதான். பேரு என்னன்னு எனக்குத் தெரியாது." அவர் இன்னொரு முறை பின்னால் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம் சொல்லுங்க."

உம்மு நாயிஃபுக்கு அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருந்தது. பத்தொன்பது வயசு, மெலிந்த கை, பிள்ளை பிறந்ததும் முதலில் ஆணா பெண்ணா என்று கேட்காமல் கண் திறந்திருக்கா என்று கேட்டவள். பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவர் பையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே கறுப்பு மை இன்னும் ஈரமாக இருந்தது.

"சொல்றேன் மகனே. அவ பேரு தெரிஞ்ச ரெண்டு ஆம்பளைங்களை சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இயக்குநர் ஹம்தான் அந்த இரண்டு பேரைத் தேடித் தன் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லாரிடமும் போனார். எல்லாரும் யோக்கியர்களாக இருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து உம்மு நாயிஃபும் இறந்துபோனார். அவர் தலைமாட்டிலும் வெறும் கல்தான். ஊர் வழக்கம் அது. இயக்குநர் அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கு வந்து மற்றவர்களைவிட நெடுநேரம் நின்றதாகச் சொல்கிறார்கள்.

சிரிக்கவேண்டிய ஊர்தான், சந்தேகமில்லை. நாமும் நன்றாகவே சிரித்தோம். ஆனால் இவ்வளவு நேரமும் நான் உம்மு நாயிஃப், உம்மு நாயிஃப் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், நீங்களும் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். அந்த அம்மாளின் பெயர் என்ன என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் பெயர் தர்ஃபா. கடைசியில் சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். நானும் அந்த ஊர்க்காரன்தான்.